ஒன்று மோதப் பல எழும்: பொருநைத் தாழிகளின் காலமும் எலக்ட்ரான் உமிழ்வின் வரலாறும்

தாழியிடம் கேட்கப்பெறாத வினா

புறநானூற்றில் தாழி வனையும் குயவனை விளித்துப் பாடப்பெற்ற பாடல்கள் இரண்டு உள. சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் பாடிய 228ஆம் பாடல் ஒன்று. கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் சேர்த்து இடம் அமையுமாறு தாழியை அகலமாக வனைந்து தரும்படி வேண்டும் 256ஆம் பாடல் மற்றொன்று. முன்னதில் தாழி, மன்னனின் புகழை அடக்குதற்குப் போதாத கலம். பின்னதில் அது, இருவர் துயரைத் தாங்குதற்கு வேண்டப்படும் கலம். அத்தாழி எந்த ஆண்டில் வனையப்பட்டது என்னும் வினா மட்டும் இரு பாடல்களிலும் எழவில்லை. பாட்டுக்கு அவ்வினா வேண்டுவதில்லை. வரலாற்றுக்கோ அதுவே முதல் வினா.

தாமிரபரணி எனவும் பொருநை எனவும் வழங்கும் ஆற்றின் கரையிலே ஆயிரக்கணக்கான தாழிகள் மண்ணுக்குள் கிடந்தன. அவற்றை முதலில் தோண்டியவர்க்கு அவற்றின் காலத்தைச் சொல்லும் வழி கிட்டவில்லை. அவ்வழி பின்னாளில் கிட்டியபோது, அது நூலறிவிலிருந்தும் வரவில்லை, கல்வெட்டிலிருந்தும் வரவில்லை. நுண்துகள் ஒன்று திண்பொருளின் மேற்பரப்பில் மோதும்போது அப்பரப்பு தான் பெற்றதினும் மிகுதியாகத் திருப்பித் தரும் என்னும் இயற்பியல் உண்மை ஒன்று அதற்குத் துணைநின்றது. இவ்வுண்மையின் வரலாறும் பொருநைத் தாழிகளின் வரலாறும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே காலத்தில் தொடங்கி, நூறாண்டு கடந்து ஓர் ஆய்வகத்து இருட்டறையில் சந்தித்தன. அச்சந்திப்பு பொருநைக்குப் பெருமை தந்ததோடு நில்லாது, பெருமை பேசுவோர்க்குரிய ஒழுக்கம் ஒன்றையும் கற்பித்தது.

பரம்பில் தோண்டியவர்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், பொருநையின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் அமைந்துள்ளது. அவ்வூரின் மேட்டுநிலம் 114 ஏக்கர் பரப்புடைய ஈமக்காடு. 1876இல் ஜெர்மானிய அறிஞர் ஜாகோர் இங்குத் தோண்டி, கிடைத்த பொருள்களைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். பொன்னாலான நெற்றிப்பட்டங்களும், வெண்கல உருவங்களும், இரும்புக் கருவிகளும், ஏராளமான மட்கலங்களும் வெளிப்பட்டன. இடையே 1903-04இல் பிரெஞ்சு அறிஞர் லூயி லாபிக் வந்து அகழ்ந்தார். ரீ தொகுத்த பொருட்பட்டியல் 1915இல் நூலாக வெளிவந்தது.

அந்நூல் பொருள்களை அளந்தது, எண்ணியது, வகைப்படுத்தியது. ஆயின் அவற்றின் காலத்தை அளக்கும் கருவி அன்று உலகில் எங்கும் இல்லை. ஒரு கலத்தின் வடிவத்தை வேற்று நாட்டுக் கலத்தோடு ஒப்பிடுவதும், ஒரு செய்தியை இலக்கியத்தில் தேடுவதுமே அக்கால ஆய்வாளர்க்குக் கிட்டிய வழிகள். ஒப்பீடு செய்வோரின் விருப்பத்திற்கேற்பக் காலம் முன்னும் பின்னும் நகர்ந்தது. தமிழரின் தொன்மையைப் போற்றியோர் அதனை மிகப் பின்னோக்கித் தள்ளினர். ஐயுற்றோர் மிக முன்னோக்கி இழுத்தனர். இருசாராரிடமும் சான்று இல்லை.

மற்றோர் இழப்பும் அன்றே நேர்ந்தது. தாழிக்குள் நிறைந்திருந்த மண் வெளியே வாரிக் கொட்டப்பட்டது. மண் என்பது தாழியை மறைத்த தடை என்றே அன்று கருதப்பட்டது. அம்மண்ணே சாட்சி என்பதை அறிய மேலும் 80 ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

1902: எதிர்பாராத மிகை

அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஐரோப்பிய இயற்பியலறிஞர்கள் புதிதாக அறியப்பட்ட எலக்ட்ரானின் இயல்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். எலக்ட்ரான் தனித்துகள் என்பதை ஜே. ஜே. தாம்சன் நிறுவியது 1897இல். அதன்பின் ஐந்தே ஆண்டுகளில், 1902இல், ஆஸ்டின், ஸ்டார்க்கே என்னும் இருவர் ஒரு வியப்பான செய்தியை ஜெர்மானிய இயற்பியல் இதழில் வெளியிட்டனர்.

அவர்கள் செய்த ஆய்வு எளியது. வெற்றிடக் குழாயினுள் உலோகத் தகடொன்றை வைத்து, அதன்மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினர். எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் உடையது. ஆதலின் தகட்டில் எதிர்மின்னூட்டம் சேர வேண்டும். சில எலக்ட்ரான்கள் பட்டுத் தெறித்துப் போகலாம். அவ்வளவுக்குச் சேர்க்கை குறையும். ஆனால் கற்றையைச் சாய்வாகப் பாய்ச்சியபோது தகடு நேர்மின்னூட்டம் பெற்றது. வந்து சேர்ந்த எலக்ட்ரான்களைவிட வெளியேறியவை மிகுதி என்பதே அதன் பொருள். எறிந்த கல் திரும்பி வருவது தெறிப்பு. ஒரு கல்லை எறிய மூன்று கற்கள் திரும்பி வருமாயின் அதனைத் தெறிப்பு என்று சொல்ல இயலாது. தகட்டின் உள்ளே உறைந்த எலக்ட்ரான்களே வெளிக்கிளம்பின என்று அவர்கள் உணர்ந்தனர். இதுவே இரண்டாம்நிலை எலக்ட்ரான் உமிழ்வு எனப்படுவது.

நிகழ்வின் உள்ளியல்பு பின்னர்த் தெளிவாயிற்று. பாய்ந்து வரும் எலக்ட்ரான், திண்பொருளினுள் புகுந்து செல்லும் வழியெல்லாம் தன் ஆற்றலைச் சிறிது சிறிதாக அங்குள்ள எலக்ட்ரான்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றது. அவ்வாறு கிளர்ச்சியுற்றவற்றுள் மேற்பரப்பை அடுத்திருப்பவை மட்டுமே வெளியேற வல்லன. உலோகத்தில் அவ்வெல்லை ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் சில பங்கே. ஆழத்தில் கிளர்ந்தவை வழியில் மோதி ஆற்றலிழந்து அடங்கிவிடும். எனவே மெல்லப் பாயும் எலக்ட்ரான் சிலவற்றையே எழுப்பும். சில நூறு எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலோடு பாய்வது மிகுதியாக எழுப்பும். அதனினும் கடுவிரைவில் பாய்வதோ ஆழத்தில் புதைந்து, தான் எழுப்பியவற்றையும் அங்கேயே விட்டுவிடும். வேகம் கூடக் கூட விளைவும் கூடும் என்ற எதிர்பார்ப்பு இங்குப் பொய்க்கின்றது. அளவறிந்த மோதலுக்கே மேற்பரப்பு இசைகின்றது.

பொருளின் தன்மையும் கருதத்தக்கது. தூய உலோகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவையொட்டியே தருவன. அவற்றினுள் நிறைந்து திரியும் எலக்ட்ரான்களோடு மோதி, எழுந்தவை விரைவில் ஆற்றலிழப்பதே காரணம். மக்னீசியம் ஆக்சைடு போன்ற சேர்மங்களில் அத்தகைய தடை குறைவு. அவை ஒன்றுக்கு நான்கு, ஐந்து, அதனினும் மிகுதியாகத் தரவல்லன. எலக்ட்ரான்கள் மட்டுமன்றி அயனிகள் மோதினாலும் இவ்வுமிழ்வு நிகழும்.

நெல்லையப்பர் கோவிலின் இசைத்தூண்களைத் தட்டியோர் இதனை அவற்றோடு ஒப்பிட விழையலாம். ஆயின் வேறுபாடு உண்டு. இசைத்தூண், தட்டியவரின் கை தந்த ஆற்றலையே ஓசையாக மாற்றித் தருகின்றது. தந்ததினும் மிகுதியாகத் தருவதில்லை. எலக்ட்ரான் உமிழ்விலும் ஆற்றல் மிகுவதில்லை. வேகமாக வந்த ஒன்றின் ஆற்றலை மெதுவாகச் செல்லும் பல பகிர்ந்துகொள்கின்றன. எண்ணிக்கை பெருகுகின்றது, ஆற்றல் பெருகுவதில்லை. வெளியேறுபவற்றுள் பெரும்பாலானவை 50 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றலே உடையன. அவற்றை மீண்டும் முடுக்கிவிட்டால், அவை ஒவ்வொன்றும் மற்றொரு பரப்பில் மோதிப் பலவற்றை எழுப்பும் அன்றோ? இவ்வெண்ணம் தோன்றிய இடத்தில் ஒரு புதிய கருவி பிறந்தது.

இடையூறு கருவியான கதை

தொடக்கத்தில் இவ்வுமிழ்வு பொறியாளர்க்கு ஓர் இடையூறாகவே தோன்றியது. வெற்றிடக் குழாய்களில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டம் கூட வேண்டும். சில நிலைகளில் அது குறைந்தது. 1918இல் அமெரிக்கரான ஆல்பர்ட் ஹல் அவ்விடையூற்றையே பயனாக்கி, டைனட்ரான் என்னும் குழாயை அமைத்தார். அடுத்த ஆண்டில் ஜோசப் ஸ்லெப்பியன், பல பரப்புகளை வரிசையாக நிறுத்தி எலக்ட்ரான்களைப் படிப்படியாகப் பெருக்கும் அமைப்புக்குக் காப்புரிமை கோரினார். 1930களில் சோவியத் நாட்டில் குபெட்ஸ்கியும், அமெரிக்காவில் ஸ்வோரிகின் முதலானோரும் அவ்வமைப்பைச் செயற்படுத்திக் காட்டினர். ஒளிமின் பெருக்கிக் குழாய் இவ்வாறு உருவாயிற்று.

அதன் அமைப்பு விளக்கத்தக்கது. குழாயின் முகப்பில் ஒளியுணர் பூச்சு ஒன்று உண்டு. ஒளித்துகள் ஒன்று அதன்மேல் பட்டால், எலக்ட்ரான் ஒன்று வெளிவரலாம். பொதுவாக நான்கு ஒளித்துகள்களுக்கு ஓர் எலக்ட்ரான் வெளிவருமாயின் அது நல்ல குழாய். அவ்வோர் எலக்ட்ரான் ஏறத்தாழ நூறு வோல்ட்டு அழுத்தத்தால் முடுக்கப்பட்டு, டைனோடு எனப்படும் முதற் பரப்பில் மோதும். நான்கு எழும். அந்நான்கும் அடுத்த டைனோடில் மோதப் பதினாறு எழும். இவ்வாறு பத்து டைனோடுகளைக் கடந்தால் எண்ணிக்கை 10,48,576 ஆகும். ஓர் எலக்ட்ரான் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கூட்டமாக மாறுவதற்கு ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கும் ஆவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத ஒளித்துகள் ஒன்றின் வருகை, எண்ணத்தக்க மின்துடிப்பாக வெளிப்படுகின்றது.

இவ்வுமிழ்வே உருக்காட்டும் கருவியாகவும் வளர்ந்தது. எலக்ட்ரான் கற்றையால் ஒரு பொருளின் மேற்பரப்பை வரிவரியாகத் தடவி, ஒவ்வொரு புள்ளியிலும் எழும் இரண்டாம்நிலை எலக்ட்ரான்களைத் திரட்டினால், அப்பரப்பின் மேடுபள்ளங்கள் உருவாகத் தெரியும். 1960இல் எவர்ஹார்ட்டும் தார்ன்லியும் அமைத்த திரட்டியும், 1965இல் கேம்பிரிட்ஜிலிருந்து விற்பனைக்கு வந்த கருவியும் இம்முறையை உலகெங்கும் பரப்பின. உமியின் மேல்தோலையும், இரும்பின் உட்கட்டமைப்பையும், மட்கலத்தில் பதிந்த நெசவின் தடத்தையும் இன்று தொல்லியலார் இத்தகைய நுண்ணோக்கியின் வழியே காண்கின்றனர்.

சூளை தொடங்கிவைத்த கணக்கு

ஆற்று மண்ணில் குவார்ட்சு என்னும் படிகத்துகள் நிறைய உண்டு. குயவன் பிசைந்த களிமண்ணிலும் அது கலந்திருக்கும். மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சும், விண்ணிலிருந்து வரும் கதிர்களும் அப்படிகத்தை இடைவிடாது தாக்குகின்றன. அத்தாக்குதலால் படிகத்தினுள் எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து, படிகக் குறைபாடுகளாகிய பொறிகளில் சிக்கிக்கொள்கின்றன. ஆண்டு செல்லச் செல்லச் சிக்கியவற்றின் தொகை பெருகுகின்றது. வெப்பமோ வெயிலோ பட்டால் அவை விடுபட்டுப் போகும். கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும்.

குயவன் தாழியைச் சூளையில் இட்டுச் சுட்டபோது, களிமண்ணிலிருந்த படிகங்களின் பழங்கணக்கு அழிந்தது. அன்று புதுக்கணக்குத் தொடங்கியது. தாழிக்குள் மண் விழுந்து இருளடைந்தபோது, அம்மண்ணுக்கும் கணக்குத் தொடங்கியது. புறநானூற்றுப் புலவர் விளித்த குயவனின் மரபில் வந்தோர், தாம் அறியாமலே ஒவ்வொரு தாழியிலும் தேதியிட்டு வைத்தனர் எனலாம்.

இத்தேதியைப் படிக்கும் ஒளித்தூண்டல் ஒளிர்வு முறையை 1985இல் கனடாவில் ஹண்ட்லியும் உடனாய்ந்தோரும் உருவாக்கினர். மங்கிய செவ்வொளி மட்டும் உள்ள அறையில் ஓட்டின் மேற்பகுதியைச் சுரண்டி நீக்கி, வெயில் படாத உட்பகுதியிலிருந்து படிகங்களைப் பிரித்தெடுப்பர். அவற்றின்மீது நீல ஒளியைப் பாய்ச்சினால், பொறிகளில் சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட்டு, தாம் திரும்பிச் சேரும் இடத்தில் புறஊதா ஒளியைச் சிறிதளவு வெளியிடும். அவ்வொளி மிக மங்கியது. கண்ணால் காண இயலாதது. அதனைத் துகள் துகளாக எண்ணுவதற்கு வழக்கமாக அமைவது ஒளிமின் பெருக்கிக் குழாயே. நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த எலக்ட்ரான் விடுபடும்போது தந்த ஒளித்துகள், டைனோடுகளில் பத்து முறை பெருகி, ஓர் எண்ணாக ஆய்வாளரின் ஏட்டில் பதிகின்றது. படிகம் பெற்ற மொத்தக் கதிரளவை ஓராண்டுக்குரிய கதிரளவால் வகுத்தால் காலம் கிட்டும்.

ஜாகோரும் ரீயும் வெயிலில் கொட்டிய மண் இனிச் சாட்சி சொல்லாது. அதன் கணக்கு அன்றைய பகலொளியிலேயே அழிந்தது. அறியாமையால் நேர்ந்த அவ்விழப்புக்கு அவர்களைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆயின் அறிந்த பின்னரும் ஈமக்காட்டு மண்ணைக் கட்டுமானத்திற்கும் பிறவற்றிற்கும் வாரிச் செல்வோர்க்கு அவ்விலக்கு இல்லை.

நெல்லின் சாட்சி

காலத்தை அறியும் மற்றொரு வழி கரிமம் பற்றியது. உயிருள்ளவை காற்றிலிருந்து கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரிமத்தையும் சிறிதளவு ஏற்கின்றன. உயிர் நீங்கியபின் அது 5,730 ஆண்டுகளுக்குப் பாதி என்னும் விகிதத்தில் குறைகின்றது. லிப்பி 1949இல் இம்முறையை நிறுவினார். இந்தியாவில் 1960களில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இதற்கான ஆய்வகம் இயங்கியது. பின்னர் அது அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு மாறியது. பொருநை கடலொடு கலக்கும் பகுதியிலுள்ள கொற்கையில் 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரிப்பொருளுக்குக் கி.மு. 785 என்னும் காலம் இம்முறையால் கிட்டியது. இலக்கியத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகம், அளவையாலும் தொன்மை பெற்றது.

அம்முறை கரிமத்தின் சிதைவுகளை எண்ணுவது. அதற்கு மிகுதியான பொருள் வேண்டும். இன்றைய உயிர்ப்பொருளின் ஒரு மில்லிகிராம் கரிமத்தில் மணிக்கு ஒரு சிதைவுகூட முழுமையாக நிகழ்வதில்லை. ஒரு நெல்மணியின் உமியை வைத்துக்கொண்டு அவ்வாறு எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிக்க நெடுங்காலம் ஆகும். 1977இல் தோன்றிய முடுக்கி நிறை நிறமாலைமானி இத்தடையை நீக்கியது. சிதைவுக்குக் காத்திராமல் அது அணுக்களையே நேரில் எண்ணுகின்றது. இங்கும் தொடக்கம் ஒரு மோதலே. மாதிரியிலிருந்து பெற்ற கரியை நுண்கட்டியாக்கி, அதன்மீது சீசியம் அயனிகளைப் பாய்ச்சுவர். மேற்பரப்பிலிருந்து கரிம அணுக்கள் பெயர்ந்து எதிர்மின் அயனிகளாக வெளிவரும். கார்பன்-14ஐப் போன்றே நிறையுடைய நைட்ரசன் நிலையான எதிர்மின் அயனியாக மாறாதது. ஆதலின் அது வாயிலிலேயே நீங்கிவிடும். எஞ்சியவற்றை முடுக்கி, நிறைவாரியாகப் பிரித்து எண்ணுவர். எலக்ட்ரானை எழுப்பும் மோதலும் அணுவைப் பெயர்க்கும் மோதலும் ஒரே குடும்பத்தவை. இரண்டிலும் திண்பொருளின் மேற்பரப்பே பேசுகின்றது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் 2020 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தது. அங்குத் தாழி ஒன்றினுள் கிடைத்த நெல் உமி இம்முறையால் ஆராயப்பட்டு, கி.மு. 1155 என்னும் காலம் பெற்றது. 2021 செப்டம்பரில் அது சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நெல்லின் பெயரால் வழங்கும் திருநெல்வேலிக்கு, மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய நெல்லே சாட்சியாக வந்தது பொருத்தமேயாகும்.

இச்சாட்சியின் சிறப்பை உணர்தல் வேண்டும். மரக்கரி சொல்வது மரத்தின் அப்பகுதி வளர்ந்த காலத்தையே; முதிய மரத்தின் வயிரத்தை எரித்திருந்தால், எரித்த நாளினும் பல பத்தாண்டுகளோ நூற்றாண்டோ முந்திய காலத்தைக் காட்டும். நெல்லோ ஓர் அறுவடையின் பயிர். அது விளைந்த ஆண்டும் தாழியில் இடப்பட்ட ஆண்டும் மிக நெருங்கியவை. ஆதலின் சிறு உமியின் சொல் பெருமரத்தின் சொல்லினும் நேரானது.

இரைச்சலும் பெருகும்

ஆதிச்சநல்லூரின் காலம் அறியப்பட்ட வரலாறு காத்திருத்தலின் வரலாறு. 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை சார்பில் சத்தியமூர்த்தி அகழ்ந்து, நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தார். ஆய்வறிக்கை நெடுங்காலம் வெளிவரவில்லை. மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் பொதுநல வழக்கு நடந்த பின்னரே மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குச் சென்றன. கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலங்கள் 2019இல் தெரியவந்தன. ஆய்வகத்தில் சில நாளில் முடியும் அளவீட்டுக்கு வெளியுலகம் பதினைந்து ஆண்டு எடுத்துக்கொண்டது.

2025 ஜனவரி 23 அன்று 'இரும்பின் தொன்மை' என்னும் நூலைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. பேராசிரியர் கா. இராஜனும் இரா. சிவானந்தமும் எழுதிய அந்நூல், சிவகளைத் தாழிகளின் கரிப்பொருள்கள் கி.மு. 2953 முதல் கி.மு. 3345 வரையிலான காலத்தைச் சுட்டுவதாகவும், ஆகவே தமிழகத்தில் இரும்பின் பயன்பாடு 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனவும் உரைத்தது. மட்கல ஓடுகளின் ஒளிர்வுக் கணிப்புகளும் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டுக்கு இட்டுச் சென்றன. அகமதாபாத்தும் லக்னோவும் அமெரிக்காவும் ஆகிய வெவ்வேறு இடத்து ஆய்வகங்கள் இவ்வளவீடுகளில் பங்குபெற்றன. உலக இரும்பு வரலாற்றையே மாற்றி எழுதவல்ல செய்தி இது. அறிஞர் பலர் வரவேற்றனர். சிலர், மேலும் பல இடங்களிலிருந்து சான்று வேண்டும் என்றனர்.

இவ்விடத்தில் ஒளிமின் பெருக்கிக் குழாய் தரும் பாடம் ஒன்று கருதத்தக்கது. அக்குழாயின் முகப்பில் ஒளியே படாதபோதும் எலக்ட்ரான்கள் தோன்றும். அறையின் வெப்பமே சிலவற்றை எழுப்பிவிடும். அவ்வாறு தானே எழுந்ததையும் டைனோடுகள் பத்து இலட்சமாகப் பெருக்கும். வந்தது தாழியின் ஒளியா, குழாயின் வெப்பமா என்று டைனோடு கேட்பதில்லை. மெய்யைப் பெருக்குவது போன்றே இரைச்சலையும் அது பெருக்கும். ஆதலின் ஆய்வாளர் முதலில் இருளை எண்ணுவர். ஒன்றும் இல்லாதபோது குழாய் எத்தனை சொல்கின்றது என்று குறித்துக்கொண்டு, பின்னர்ப் பெற்ற எண்ணிலிருந்து அதனைக் கழிப்பர். பெருக்கல் இக்கருவியின் வலிமை. கழித்தல் அதனைப் பயன்படுத்துவோரின் நேர்மை.

ஒளிர்வு முறையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை பிழையெல்லை இருப்பது இயல்பு. 4,400 ஆண்டுத் தொன்மை என்றால் 220 முதல் 440 ஆண்டு வரை முன்பின் ஆகலாம். கார்பன் முறையிலும் விடை ஓர் ஆண்டன்று, ஒரு நெடுக்கம். கி.மு. 3345 என்பது அத்தகைய நெடுக்கத்தின் நடுமதிப்பு. மேடையில் முழங்கும்போது நெடுக்கம் மறைந்து எண் மட்டும் நிற்கின்றது. ஒரே சிவகளையில் ஒரு தாழியின் நெல் கி.மு. 1155ஐயும், வேறு தாழிகளின் கரி அதற்கு ஈராயிரம் ஆண்டு முந்திய காலத்தையும் காட்டுகின்றன. அவ்வீமக்காடு அத்துணை நெடுங்காலம் தொடர்ந்து வழக்கில் இருந்திருக்கலாம்; அன்றி, சில சாட்சிகளை மீண்டும் உசாவ வேண்டியிருக்கலாம். இவ்விரண்டில் எது மெய் என்பதை முழக்கம் தீர்மானிக்காது. இன்னும் திறக்கப்படாத தாழிகளும், அவற்றினுள் வெயில் காணாது கிடக்கும் மண்ணுமே தீர்மானிக்கும்.

பொருநைக்கு இதனால் இழுக்கு நேர்வதில்லை. கி.மு. 785, கி.மு. 905, கி.மு. 1155 என ஒன்றையொன்று தாங்கும் சாட்சிகள் ஏற்கெனவே உள்ளன. ஐயுற்றோர் மறுக்கவியலாத அடித்தளம் அது. அதன்மேல் எழும்பும் கி.மு. மூன்றாம், நான்காம் ஆயிரத்தாண்டுகளின் செய்தி மேலும் சாட்சிகளைப் பெறுமாயின், அதன் வலிமை அன்பர்களின் ஆர்வத்தால் ஆனதாக இராது; ஐயுற்றோரின் வினாக்களைக் கடந்து வந்ததாக இருக்கும்.

பாடுவோர் கடன்

நெல்லையை அடுத்த ரெட்டியார்பட்டியில் பொருநைக்கென ஓர் அருங்காட்சியகம் எழுந்துள்ளது. ஆதிச்சநல்லூரில், அகழ்ந்த குழியின்மேல் கண்ணாடித் தளமிட்டுத் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டும் அமைப்பு 2023இல் திறக்கப்பட்டது. காண்போர் வியக்கின்றனர், கவிஞர் பாடுகின்றனர். பாடுதல் தக்கதே. கவிதையும் ஒருவகையில் பெருக்கும் கருவிதான். ஒரு சொல் நெஞ்சில் பட, நூறு எண்ணம் எழுகின்றது. அதனாலேயே அதில் இடப்படும் முதற்சொல் மெய்யாக இருத்தல் இன்றியமையாததாகின்றது.

ஐயூர் முடவனார் தம் மன்னனின் புகழைப் பெருக்கிப் பாடினார். ஆயினும் அவர் பாடியது குயவன் ஒருவனின் கையையும் மண்ணையும் நோக்கியே. பொருநையைப் பாடும் இன்றைய கவிஞர்க்கும் அம்மண்ணே கைக்கொள்ளத்தக்கது. ஆயிரம் ஆண்டுகளைக் கூட்டிச் சொல்வதினும், ஓர் உமி சொன்னதை உமியளவே சொல்வது அக்குயவனுக்கும், அவன் வனைந்த தாழியுள் உறங்குவோர்க்கும் செய்யும் மரியாதையாகும்.